ஆன்ரோடு விலைக்குள் எது அரசுக் கட்டணம், எது பேரம்?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு ஷோரூமில் விலை கேட்டால் கையில் ஒரு கொட்டேஷன் தாள் வரும். பெரும்பாலோர் அதன் கடைசி வரியில் இருக்கும் ஆன்ரோடு விலையைப் பார்த்துவிட்டு, "ஐயாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்குவார்கள். விற்பனையாளர் உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து மூவாயிரம் குறைப்பார். இரு தரப்புக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரே தொகைக்குள் அரசுக்குப் போவது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போவது, ஷோரூமிலேயே தங்குவது எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பேரம் அதற்குப் பிறகுதான்.

குறைக்க முடியாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஜி.எஸ்.டி. எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே, அதாவது வாழ்நாள் வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்வதற்கு முந்தைய விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக், ஸ்கூட்டர்களுக்கும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கும் 18 சதவீதம். அதற்கு முன் 28. டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது. அந்தத் தேதிக்கு முந்தைய பழைய விலைப் பட்டியலை யாராவது காட்டினால் ஓரமாக வைத்துவிடுங்கள்.

அடுத்தது தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட கணக்குப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. காருக்கு 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20 சதவீதம். இதில் பேரம் பேச முடியாது. ஆனால் மாடலைத் தேர்ந்தெடுப்பதில் யோசிக்க இடமுண்டு. வரிக்குக் கணக்கில் கொள்ளும் விலை 9.90 லட்சமாக இருந்தால் வரி 1,28,700 ரூபாய். அதுவே 10.10 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்காக மேல் மாடலுக்குப் போனவர், வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். தவிர, காரின் மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரிக்காக விற்பவர் வசூலிக்கும் டி.சி.எஸ். ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அது செலவல்ல; உங்கள் பான் எண்ணில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பப் பெறலாம்.

பதிவுக் கட்டணத்தை மத்திய மோட்டார் வாகன விதிகள் நிர்ணயித்திருக்கின்றன: பைக்குக்கு 300, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 600 ரூபாய். கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் குறிக்க பைக்குக்கு 500, காருக்கு 1,500. ஸ்மார்ட் கார்டுக்கு 200. சாலைப் பாதுகாப்பு வரி தனி. கொட்டேஷனில் 'ஆர்.டி.ஓ. செலவு' என்று ஒரு மொத்தத் தொகை இருந்தால், வாழ்நாள் வரியையும் இவற்றையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பது என்னவென்று கேளுங்கள். அரசுக்குக் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. அதை உங்களிடம் தர வேண்டும்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டெப்போ செலவு என்று பல பெயர்களில் வருவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்திலோ விதிகளிலோ அப்படி ஒரு கட்டணமே கிடையாது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் துடைத்து ஒப்படைப்பதும் விற்பவர் வேலை. ஓசூரில் தயாரான வண்டிக்கு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரியில் லாஜிஸ்டிக்ஸ் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வது? அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், அதே பெயரில் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும்.

பைக் வாங்குவோர் கவனிக்க வேண்டியது 'ஆக்சஸரீஸ்' பட்டியல். பின்னால் அமர்பவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் கம்பி, சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கும் தடுப்பு மூன்றும் 123-வது விதிப்படி வண்டியோடு இருந்தாக வேண்டியவை. அலங்காரப் பொருள் போல அவற்றுக்குத் தனி விலை போடுவது நியாயமில்லை. வண்டி வாங்கும்போது தரமுத்திரை பெற்ற ஹெல்மெட்டை நிறுவனம் வழங்க வேண்டும் என்று 138-வது விதி சொல்கிறது. சீட் கவர், மேட், கோட்டிங், கூடுதல் வாரண்டி போன்றவை உங்கள் விருப்பம். 'இதை எடுத்தால்தான் வண்டி டெலிவரி' என்று கட்டுவது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கட்டுப்பாட்டு வணிகம்.

இன்சூரன்ஸில்தான் கணிசமான பணம் சத்தமில்லாமல் கைமாறுகிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, பைக்குக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியம் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். நமது வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதிதான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுக்கலாம். ஷோரூம் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெளியே இரண்டு நிறுவனங்களில் விலை வாங்கி மேசையில் வையுங்கள். ஷோரூமின் இன்சூரன்ஸ் தொகை அங்கேயே இறங்குவதைப் பார்ப்பீர்கள். உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே வேறொரு பாலிசியில் இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் மறப்பது நோ க்ளெய்ம் போனஸ். அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு 50 சதவீதம் வரை தள்ளுபடி வரும். பழைய நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி, புதிய கார் பாலிசியின் சேதப் பகுதியில் கழித்துக்கொள்ளலாம். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும்.

எக்ஸ்சேஞ்ச் பேச்சை முதலிலேயே எடுக்காதீர்கள் என்பது என் யோசனை. புதிய வண்டியின் தள்ளுபடி எழுத்தில் வந்த பிறகு பழைய வண்டியைப் பற்றிச் சொல்லுங்கள். ஒன்றாகப் பேசினால், இந்தப் பக்கம் கொடுத்ததை அந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள். பழைய வண்டியின் விலையும் நிறுவனம் தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் இரண்டு தனி வரிகளாக இருக்கட்டும். 'எழுபதாயிரம் தருகிறோம்' என்பதில் இருபதாயிரம் நிறுவனத்தின் போனஸ் என்றால், உங்கள் வண்டிக்கு அவர்கள் போட்ட விலை ஐம்பதாயிரம்தான். வெளிச் சந்தையில் விசாரித்துவிட்டுப் போனால் அது போதுமா என்று தெரியும்.

விலையை விடப் பெரிய விஷயம் ஆர்.சி. பெயர் மாற்றம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் சாதாரணம். வண்டி பல கை மாறி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டு வழக்கில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒருபுறம் கர்நாடகம், மறுபுறம் ஆந்திரம் என்று எல்லையில் இருக்கும் கிருஷ்ணகிரியில் பழைய வண்டி எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? 2023 ஏப்ரல் முதல் இதற்கு வழி பிறந்திருக்கிறது: அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் ஒப்படைத்து, படிவம் 29-சி மூலம் ஆன்லைனில் தெரிவித்தால், அதன் பிறகு அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். ஷோரூமுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.

ஓசூர்க்காரர்கள் பெங்களூரிலும் விலை கேட்பது வழக்கம், நல்லதும்கூட. எங்கே வாங்கினாலும் குடியிருக்கும் மாநிலத்தில்தான் பதிவு. தற்காலிகப் பதிவோடு ஓட்டி வந்து, வரியைத் தமிழ்நாட்டில் கட்டி ஓசூரின் டி.என். 70 பதிவெண் வாங்குவதே முறை. கர்நாடக முகவரி ஒன்றைக் காட்டிப் பதிவு செய்துவிட்டு, பிறகு இங்கே ஒரு முறை வரி கட்டுவது இரட்டைச் செலவு. ஆடி மாதத்தில் நம் பக்கத்து ஷோரூம்கள் காற்று வாங்கும்போது கேட்டால், பெங்களூர் போகாமலேயே நல்ல விலை கிடைக்கலாம்.

கடனில் வாங்குபவர், மாதத் தவணை எவ்வளவு என்பதோடு நின்றுவிடக் கூடாது. 2024 அக்டோபர் முதல் தனிநபர்களுக்குக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு அந்தச் சலுகை செல்லும் என்பதால், 'இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி' என்பதற்கு மிரள வேண்டியதில்லை.

கொட்டேஷன், முன்பணம் கட்டிய ரசீது, கடைசி பில் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வண்டியை பெங்களூரிலோ சேலத்திலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை.