கேபிள்காரர் தரும் இணைய இணைப்பு: விதிகளும் சந்தாதாரரின் உரிமைகளும்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, தொலைக்காட்சி இணைப்பையும் இணைய இணைப்பையும் தருபவர் ஒரே கேபிள்காரர்தான். பணம் வாங்க வருபவர் ஒருவரே ஆனாலும், சட்டத்தின் பார்வையில் இவை வெவ்வேறு சேவைகள். கேபிள் தொலைக்காட்சி 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இணைய சேவைக்கோ தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும்.

கேபிள்காரரின் கம்பி இணையத்துக்கும் பயன்படலாம் என்பதை 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கையே அனுமதித்துவிட்டது. உரிமம் பெற்ற இணைய நிறுவனத்தின் முகவராகக் கேபிள்காரர் செயல்படலாம், ஆனால் உரிம நிபந்தனைகளுக்கான முழுப் பொறுப்பும் அந்த நிறுவனத்தையே சேரும் என்று அக்கொள்கை கூறுகிறது. சந்தாதாரர் மனத்தில் இருத்த வேண்டிய விதி இதுவே என்பது என் கருத்து. கேபிள்காரர் கைவிரித்தாலும், அவருக்குப் பின்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஆகவே இணைப்பு வாங்கும்போதே அந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டறிந்து, அதன் பெயரிலேயே ரசீது பெற வேண்டும். வெறும் அட்டையில் தேதி குறித்துக் கொடுப்பதை ஏற்றுக்கொண்டால், பின்னர் முறையிடும்போது கையில் சான்று இருக்காது.

இந்தக் கம்பி வேலை செய்யும் விதத்தையும் சற்று அறிந்துகொள்வது நல்லது. பழைய கோஆக்சியல் கேபிள், படங்களை ஒரு திசையில் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர அமைக்கப்பட்டது. கணினிக்கான மென்பொருளும் தரவும் அதே கம்பியில் வர வேண்டுமானால், வீட்டிலிருந்து திரும்பிச் செல்லவும் ஒரு பாதை தேவை. அதற்கான பொதுத் தரமாகிய டாக்சிஸ் 1997-இல் வெளியானது. அந்த முறையில் ஒரு பகுதியின் வீடுகள் எல்லாம் ஒரே கொள்ளளவைப் பகிர்ந்துகொள்வதால், எல்லோரும் வீடு திரும்பும் மாலை வேளையில் வேகம் குறைவது இயல்பு. இப்போது பல இடங்களில் கட்டடம் வரை ஃபைபர் வந்துவிட்டது; ஆயினும், ஒரே கொள்ளளவைப் பலர் பகிர்வது முற்றிலும் நீங்கவில்லை. பதிவிறக்க வேகம் நொடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறைந்த இணைப்பை பிராட்பேண்ட் என்று சொல்லக்கூடாது என்பது 2023 முதல் நடைமுறையிலுள்ள வரையறை.

அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தப்பட்ட கேபிள் விதிகள், இணையம் கடைசி வீடு வரை பரவ வேண்டும் என்பதற்காக, கேபிள் நிறுவனங்கள் தம் உள்கட்டமைப்பை பிராட்பேண்ட் நிறுவனங்களுடன் பகிர்ந்துகொள்ள வழிசெய்தன. நெருக்கமான சந்துகளில் ஆளுக்கொரு கம்பி இழுப்பதைத் தவிர்க்க உதவும் நல்ல ஏற்பாடு இது. பின்னர் 2025 ஜனவரியில் உள்ளூர் கேபிள்காரர்களின் பதிவு முறையும் மாறியது. முன்பு தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் புதுப்பித்த பதிவை, இப்போது அமைச்சகத்தின் இணையதளத்தில் 5,000 ரூபாய் கட்டணத்தில் 5 ஆண்டுகளுக்குப் பெறுகிறார்கள். இந்தப் பதிவு தொலைக்காட்சிக்கு மட்டுமே உரியது என்பதால், அதைக் காட்டி இணையமும் தரலாம் என்று ஒருவர் சொன்னால் ஏற்கக்கூடாது.

இணைப்பு பழுதானால், கேபிள்காரரிடம் சொல்வதோடு நின்றுவிடாமல், இணைய நிறுவனத்தின் புகார் மையத்திலும் பதிந்து புகார் எண் பெற வேண்டும். அங்கே தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். மேல்முறையீட்டை 39 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. அதன் பிறகும் பயன் இல்லையென்றால், தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதலாம், அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டிலும் புகார் எண்ணையும் ரசீதையும் கையில் வைத்திருக்க வேண்டும்.