டிரம்மைக் கழற்றி டிஸ்க் மாட்டினால் மட்டும் போதுமா?

பழைய ஜீப்பின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் மாட்டியதும் வண்டி நினைத்த இடத்தில் நிற்கும் என்று எதிர்பார்ப்போம். பல வண்டிகளில் அப்படி நடப்பதில்லை. பெடல் தரை வரை இறங்குகிறது. சரியென்று, மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாகப் போட்டால், பெடல் கல்லாக இறுகிக்கொள்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

டிரம்முக்குள் ஓர் அழகான நுட்பம் உண்டு. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம், அதன் உட்பக்கத்தை அழுத்தும் வளைந்த கட்டைதான் ஷூ. ஷூ டிரம்மைத் தொட்டவுடன், சுழலும் டிரம்மே முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்குகிறது. காலின் வேலையில் ஒரு பங்கைச் சக்கரமே செய்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப் நான்கு 9 அங்குல டிரம்களை வைத்துக்கொண்டு, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரே இல்லாமல் ஓடியது இதனால்தான். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் எனும் உராய்வுக் கட்டைகள் நேராக வந்து நெரிக்க வேண்டும். அதற்கு அழுத்தம் அதிகம் தேவை.

பேட்டைத் தள்ளும் காலிப்பரின் பிஸ்டனும் பெரியது, நிறைய ஆயில் கேட்கும். பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவு அனுப்ப முடியாது, பெடல் இறங்குகிறது. அதன் உள்விட்டத்தை 19 மி.மீ.-லிருந்து 25 மி.மீ. ஆக்கினால் ஆயில் போதும். ஆனால் பரப்பு 1.7 மடங்காகிறது, அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 40 சதவீதம் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பூஸ்டர். அது இயங்குவது வெற்றிடத்தால். பெட்ரோல் எஞ்சினில் அது இயல்பாகவே கிடைக்கும். டீசலுக்குத் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு? வெப்பத்துக்காகவும் தண்ணீருக்காகவும். 1,600 கிலோ வண்டியை 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுபோகும். நீண்ட இறக்கத்தில் சூடாகும் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க்கோ திறந்த காற்றில் ஆறும். ஓடையைக் கடந்தபின் டிரம்முக்குள் தங்கும் நீரையும் சேற்றையும் டிஸ்க் சுழன்றே உதறிவிடும். காட்டுப்பாதை வண்டிக்கு இதுதான் பெரிய லாபம் என்பேன்.

டயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 28 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குப் போனால், அதே தூரத்தில் நிற்க பிரேக் 18 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும்.

இனி அடிக்கடி மறந்துபோகும் ஒன்று. டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில், குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்குக்குப் போகும் பாதையில் அது இருந்தால், காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து அதை நீக்கியே ஆக வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும், ஆயில் திரும்பி வடியாதிருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு போதும்.

பின்பக்கம் டிரம்மாகவே இருக்கட்டும், தவறில்லை. பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடி தளரும். பின்பிரேக் அளவுக்கு மீறினால் அச்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வால் பக்கவாட்டில் திரும்பும். இதை அடக்க, பின்பாதையில் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வைப் பொருத்துவார்கள்.

ஆயிலும் புதிதாகட்டும். டாட் 3 எனும் தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் கூடவே மாற்றிவிடுங்கள். அவை உள்ளே உப்பியிருந்தால் ஆயில் போகும், திரும்பாது. எல்லாம் முடித்து, காற்றை வெளியேற்றிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.