கோபத்தை மைதானத்தில் கொட்டினால் தீர்ந்துவிடாது

“விளையாட்டுன்னா இதெல்லாம் சகஜம்தானே டாக்டர்?” தாடை உடைந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெற்றோர் இப்படிக் கேட்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சமீபத்தில் மறுபடியும் ஒரு பையன் வந்தான். பந்து மைதானத்தின் மறுகோடியில் இருந்த நேரத்தில் எதிரணிக்காரன் பின்னாலிருந்து வந்து முகத்தில் குத்தியிருக்கிறான். தாடையோடு கன்ன எலும்பும் போயிருந்தது. இதில் எது சகஜம்?

முரட்டு ஆட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. ரக்பியில் ஆளைப் பிடித்துச் சாய்ப்பதும் கால்பந்தில் தோளோடு தோள் மோதுவதும் விதிக்கு உட்பட்டவை. ஆட இறங்குகிறவர்கள் அதற்குச் சம்மதித்துத்தான் இறங்குகிறார்கள். பந்துக்காக மோதி உடைந்த எலும்பு வேறு, ஆளைக் காயப்படுத்த ஓங்கிய கை வேறு. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் இரண்டாவதைத் தடுத்திருக்க முடியும்.

இதைவிட எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. “பையனுக்குக் கோபம் ஜாஸ்தி, அதான் விளையாட்டுல சேர்த்தோம். கிரவுண்டுல கொட்டித் தீர்த்துட்டா வீட்டுல சாந்தமா இருப்பான்.” கோபம் என்பது குக்கரில் சேரும் ஆவி, விசில் வந்தால் அடங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். பயிற்சியாளர்களும் நம்புகிறார்கள். என் துறையிலேயே சிலர் இதை நோயாளிகளுக்கு ஆலோசனையாகச் சொல்கிறார்கள். தவறு. முழுத் தவறு.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா நடத்திய பொம்மைச் சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அதையே செய்தார்கள். 1971இல் கோல்ட்ஸ்டீனும் ஆர்ம்ஸும் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் ஆட்டம்) பார்க்க வந்தவர்களின் பகையுணர்வை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது அது கூடியிருந்தது. தங்கள் அணி ஜெயித்ததா தோற்றதா என்பதுகூடப் பெரிய மாற்றத்தைத் தரவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்தவர்களிடம் அப்படிக் கூடவில்லை. வெறும் பார்வையாளருக்கே கோபம் வடியவில்லை என்றால், அடித்தவனுக்கு எப்படி வடியும்?

ஓடினால் மனம் இலகுவாகும், தூக்கம் நன்றாக வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஓட்டத்தின் பலன், அடியின் பலன் இல்லை. முழங்கையால் ஒருவனை இடித்த பையனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எதிராளி பயந்து விலகுகிறான், அடுத்த பந்து சுலபமாக வருகிறது, பயிற்சியாளர் முதுகில் தட்டுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. கோபம் தீரவில்லை, அடித்தால் பலன் உண்டு என்ற பாடம் மட்டும் பதிந்துவிடுகிறது. அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் கை ஓங்கும்.

“இந்தக் காலத்துப் பசங்கதான் இப்படி” என்பதும் சரியில்லை. பழங்கால கிரேக்கர்களின் பான்கிரேஷன் சண்டையில் அநேகமாக எல்லாமே அனுமதி. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் கூடாது. விதி மீறியவனை அடிக்க நடுவர் கையில் கோல் இருந்தது. கி.பி. 59இல் இத்தாலியின் பொம்பெயி நகரில், ஆயுதத்தோடு மோதும் கிளாடியேட்டர் வீரர்களின் காட்சி பார்க்க வந்த இரண்டு ஊர்களின் மக்கள் மோதிச் செத்ததால், ரோமானிய செனட் அங்கே பத்து ஆண்டுகளுக்குக் காட்சிகளைத் தடை செய்தது. 532இல் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தேர்ப்பந்தய ரசிகர்களான நீலக் கட்சியும் பச்சைக் கட்சியும் கைகோத்து அரசுக்கு எதிராகக் கிளம்ப, படை புகுந்தது. முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதியிருக்கிறார்.

பழைய வியாதிதான், ஆனால் மருந்து இருக்கிறது. 1905இல் அமெரிக்கக் கால்பந்தில் மாணவர்கள் தொடர்ந்து செத்ததைப் பார்த்து அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்ததால் ஆட்டம் விரிந்தது, கும்பலாக மோதுவது குறைந்தது. 1977இல் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட ஒரே குத்தில் ரூடி டாம்ஜானோவிச்சின் முகம் சிதைந்தது, மண்டை ஓடு விரிந்து மூளைத் தண்டுவட நீர் கசிந்தது. சண்டையை விலக்க ஓடிவந்தவர் ரூடி. அதன் பிறகு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ மூன்றாவது நடுவரைக் கொண்டுவந்தது. செலவு என்று ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டு, 1988இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நடுவரின் சம்பளம் பெரிதா, ஒரு மனிதனின் மண்டை பெரிதா?

நான் பார்த்தவரை பெரும்பாலான குத்துகளுக்கு முன்னால் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு சின்னத் தள்ளு இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. 2006 கால்பந்து உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸ் வீரர் ஜிடான் தலையால் முட்டியதற்கு முன்னும் வாய்ப்பேச்சுதான். வெயிலும் சேர்ந்துகொள்ளும், வெப்பம் கூடிய நாட்களில் பேஸ்பால் வீச்சாளர்களின் பந்து அதிக ஆட்டக்காரர்கள் மேல் பட்டதை 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ரசிகர் வன்முறையைப் பற்றி ஒன்று மட்டும். 1964இல் பெரு நாட்டின் லிமாவிலும் 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானிலும் கால்பந்து ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கியது உண்மை. ஆனால் லிமாவில் 300க்கும் மேற்பட்டவர்களையும் கஞ்சுருஹானில் 135 பேரையும் கொன்றது கண்ணீர்ப்புகையும் வெளியேற முடியாத வாசல் நெரிசலும். கூட்டத்தை அடக்க வருகிறவர்கள் முதலில் வாசலைத் திறக்கக் கற்கட்டும்.

நடுவர்களே, முதல் தள்ளுக்கே விசில் அடியுங்கள். “ஆட்டம் ஓடட்டும்” என்ற தாராளம் என் அவசரப் பிரிவில் வந்து முடிகிறது. பயிற்சியாளர்களே, உங்கள் பையன் கொதிப்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அட்டை வரும்வரை காத்திருக்காமல் பத்து நிமிடம் வெளியே உட்கார வையுங்கள். “அவனைக் கவனிச்சுக்கோ” என்று காதில் ஓதி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். பெற்றோர்களே, கோட்டுக்கு வெளியே நின்று நடுவரைத் திட்டாதீர்கள். உங்கள் பிள்ளை பந்தைப் பார்ப்பதைவிட அதிகம் உங்களைத்தான் பார்க்கிறான்.

தலையிலோ முகத்திலோ அடி வாங்கியவன் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்று திரும்ப ஆடக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், அடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அவனும் எங்கள் நோயாளிதான். சுண்டு விரலுக்குக் கீழே கை எலும்பு உடைந்து வருகிறவர்களில் பலர் “கீழே விழுந்துட்டேன்” என்கிறார்கள். எலும்பு முறிந்த இடத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். அதைவிட ஆபத்தானது, விரல் முட்டியில் அடுத்தவன் பல் பட்டுக் கிழிந்த சின்னக் காயம். வாயிலிருக்கும் கிருமிகள் நேராக மூட்டுக்குள் போய்விடும். திட்டு விழுமே என்று மறைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கை வீங்கி, விரலை மடக்க முடியாமல் வருகிறார்கள். தயவுசெய்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், குத்தியதால் வந்த காயம் என்று உண்மையைச் சொல்லுங்கள். காயத்தை முழுதாகக் கழுவி மருந்து கொடுத்துவிட்டு, எதற்காக அடித்தான் என்று அவனிடம் பேசவும் எங்களுக்கு நேரம் இருக்கிறது.