டொமைனைத் திருப்பும் முன்பே புதிய சர்வரைச் சோதிப்பது எப்படி?

குமுளியில் ஏலக்காய்க் கடையோ ஹோம்ஸ்டேயோ நடத்துகிறவர்களின் இணையதளங்களில் தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தேக்கடி சீசனில் அப்படியொரு தளம் அரை நாள் முடங்கினாலும் நஷ்டம்தான். ஆனால் ஹோஸ்டிங் மாற்றுவதற்காக, அதாவது தளத்தை வேறு நிறுவனத்தின் சர்வருக்கு நகர்த்துவதற்காக, அதை முடக்கவே வேண்டாம். தளத்தின் நகலைப் புதிய சர்வரில் ஏற்றிவிடுங்கள். ஊர் முழுக்கப் பழைய சர்வரையே பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் புதியதைக் காட்ட முடியும்.

பிரவுசரில் டொமைன் பெயரை அடித்ததும், அதற்குரிய ஐபி எண் (சர்வரின் முகவரி எண்) எது என்ற தேடல்தான் முதலில் நடக்கிறது. பதில் சொல்வது இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அதை வடிவமைக்கும் முன்பு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஃபைலில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஃபைலின் வாரிசு இன்றும் நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர் ஹோஸ்ட்ஸ். டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் பொதுவாக இதைத்தான் பார்க்கும். நமக்கு வழி திறப்பது இங்கேதான்.

விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் இடிசி என்று போனால் இந்த ஃபைல் கிடைக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேருங்கள்: முதலில் புதிய சர்வரின் ஐபி எண், இடைவெளி விட்டு டொமைன் பெயர். முன்னால் மூன்று டபிள்யூ உள்ள பெயரை இந்த ஃபைல் தனிப் பெயராகவே எடுத்துக்கொள்ளும். அதையும் எழுத வேண்டும். சேமித்ததும் பிரவுசரை மூடித் திறங்கள். எந்த சர்வரைப் பார்க்கிறோம் என்ற சந்தேகம் வந்தால், புதிய சர்வரில் மட்டும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போட்டு அதைத் திறந்து பாருங்கள். வந்தால் சரி.

ஐபி எண்ணையே பிரவுசரில் அடித்தால் போதாதா? பெரும்பாலும் போதாது. பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒரே கதவு எண்ணுள்ள காம்ப்ளெக்ஸில் கடைப் பெயர் சொன்னால்தானே ஆள் கிடைப்பார். அதுபோல பிரவுசர் ஒவ்வொரு முறையும் டொமைன் பெயரையும் அனுப்புகிறது. அதை வைத்துத்தான் சர்வர் சரியான தளத்தை எடுத்துத் தருகிறது. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் தற்காலிக முகவரியில் திறந்து பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தளத்தின் முகவரியை டேட்டாபேஸில் எழுதி வைத்திருப்பதால் உங்களைச் சத்தமில்லாமல் பழைய தளத்துக்கே அனுப்பிவிடக்கூடும். நீங்களும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

நம் பக்கத்துத் தளங்களில் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துகளைத்தான். டேட்டாபேஸை ஏற்றும்போது எழுத்துக் குறியீடு யூடிஎஃப்8 என்று இல்லாவிட்டால், முகப்பில் ஆங்கிலம் அழகாக நிற்கும். உள்ளே தமிழும் மலையாளமும் கேள்விக்குறி வரிசையாகிவிடும். ஒருமுறை கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்ட எழுத்து திரும்பாது. பழைய டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அதனால்தான் இதை முன்கூட்டியே பார்ப்பது முக்கியம். அப்புறம் அறை கேட்கும் படிவத்தை நிரப்பி, மின்னஞ்சல் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

சோதிக்கும்போது பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டலாம். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் புதிய சர்வரில் இன்னும் இல்லாததே காரணம். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்காது. வழக்கமான முறையில் அது பொது டிஎன்எஸ் சொல்லும் பழைய சர்வரில் போய்த்தான் சரிபார்க்கும். பழைய சான்றிதழையும் அதன் சாவியையும் நகலெடுப்பது ஒரு வழி, டிஎன்எஸ் பதிவு மூலம் சரிபார்ப்பது இன்னொன்று.

எல்லாம் சரியானதும் டிஎன்எஸ்ஸில் ஐபி எண்ணை மாற்றலாம். டொமைனை, அதைப் பதிவு செய்த நிறுவனத்திடமிருந்து வேறு பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. அது தனி வேலை. டிஎன்எஸ் விடையை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86,400 நொடி என்று இருந்தால் பழைய விடை ஒரு நாள் வரை ஆங்காங்கே தங்கும். ஆகவே முந்தின நாளே அதை 300 ஆக்கிவிடுங்கள். மாற்றும் நேரத்தில் முன்பதிவை மட்டும் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் சில பதிவுகள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும். மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கில் இருந்தால் மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தொடாதீர்கள். அஞ்சல்பெட்டிகளை மாற்றும்வரை அந்தக் கணக்கையும் மூடாதீர்கள்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் சேர்த்த வரியை இப்போது நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை ஊருக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது. வைஃபையை அணைத்து, போனின் மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள்.