தாக்குகோணமானி: எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும்

விமான இறக்கை எந்த வேகத்திலும் ஸ்டால் ஆகலாம், அதாவது தூக்குவிசையை இழக்கலாம். எதிர்வரும் காற்றோடு அது அமைக்கும் தாக்குகோணம் எல்லையைக் கடந்தால் போதும். சிறு விமானங்களில் இந்த எல்லை பெரும்பாலும் 15 முதல் 18 டிகிரி. அதைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்துவிடும்.

விமானியின் கண்ணோ வேகமானியில் இருக்கிறது. கையேட்டிலுள்ள ஸ்டால் வேகம், குறிப்பிட்ட எடையில் சாயாமல் பறக்கும்போது மட்டுமே பொருந்தும். நேராகப் பறக்கையில் 50 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் சுமார் 60 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகும்; 60 டிகிரி சாய்வில் 71. தரையிறங்குமுன் வரும் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், சாய்வைக் கூட்டி, மூக்கைத் தூக்கும் யோக்கை (கட்டுப்பாட்டுப் பிடியை) இழுக்கத்தான் கை போகும். முள் 65ஐக் காட்டிக்கொண்டிருக்கும். உயரமோ சில நூறு அடி. ஸ்டால் ஆகிச் சுழன்று விழும் ஸ்பின்னில் மாட்டினால் மீள இடமில்லை.

தாக்குகோணமானிக்கு எடையும் சாய்வும் பொருட்டல்ல. எல்லைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டிவிடும். அமெரிக்கக் கடற்படை விமானிகள் கப்பல் தளத்தில் இறங்குவதே இதைப் பார்த்துத்தான்.

2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்கள் பனியால் அடைபட்டு வேக அளவு குழம்பியது. மூக்கு தூக்கப்பட்டு ஸ்டால் ஆன அந்த ஏர்பஸ் ஏ330 கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். அளக்கப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனபோது கணினி தாக்குகோண அளவையும் நிராகரித்தது. ஸ்டால் எச்சரிக்கை ஒலி நின்றது. மீள்வதற்காக மூக்கைத் தாழ்த்தினால், வேக அளவு ஏறி ஒலி திரும்பியது! தாக்குகோணத்தை விமானிக்கு நேரடியாகக் காட்ட வேண்டுமா என ஆராயும்படி பிரான்சின் விசாரணை அமைப்பு பிஇஏ பரிந்துரைத்தது.

சிறு விமானங்களில் இக்கருவியைப் பொருத்துவதற்கான ஒப்புதலை 2014இல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையம் எஃப்ஏஏ எளிதாக்கியது. மாட்டுவது சுலபம், அளவுதிருத்தத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உணரி புரொப்பெல்லர் காற்றுக்கு விலகி, வழக்கமாக இறக்கைக்கு அடியில் இருக்க வேண்டும். பாதுகாப்பான உயரத்தில், தயாரிப்பாளர் சொன்ன வரிசைப்படி அளவுதிருத்த வேண்டும். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்பான ஃபிளாப்பை இறக்கினால் அளவு மாறும். ஃபிளாப் ஏற்றிய நிலையில் மட்டும் திருத்திய கருவியை முழு ஃபிளாப்பில் அப்படியே நம்பக்கூடாது.

இறக்கையில் பனி படிந்தால் எல்லைக் கோணமே குறைந்துவிடும். கருவி பச்சையில் இருக்கும்போதே ஸ்டால் வரலாம். உணரியும் பொய் சொல்லும். 2008இல் பிரான்சின் பெர்ப்பிஞான் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320இல், கழுவும்போது புகுந்த நீர் உறைந்து, மூன்றில் இரண்டு உணரிகள் அசையாமல் நின்றுவிட்டன. 2018இல் விபத்துக்குள்ளான இந்தோனேசியாவின் லயன் ஏர் 610 (போயிங் 737 மேக்ஸ்) விமானத்தின் இடது உணரி சுமார் 21 டிகிரி பிழையாகக் காட்டியது. இரு உணரிகளும் முரண்படுவதை அறிவிக்கும் எச்சரிக்கை, தாக்குகோணமானியைக் கூடுதலாக வாங்கிய 737 மேக்ஸ்களில் மட்டுமே வேலை செய்தது.

ஆகவே பறக்குமுன் உணரியின் உறையை அகற்றி, துளைகளில் நீரோ பூச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். உணரியின் சூடேற்றும் கருவியைப் போட்டிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்.