பிறந்த ஆண்டு நாணயம்: அந்த நான்கு இலக்கங்கள் எங்கிருந்து வருகின்றன?

நாணயம் சேர்க்கத் தொடங்க இதைவிட எளிய வழி கிடையாது. சில்லறையில் நாம் பிறந்த ஆண்டு பொறித்த காசு கிடைத்தால் எடுத்து வைக்கிறோம். அப்புறம் அதே ஆண்டின் மற்ற மதிப்புகள், பிற நாட்டுக் காசுகள் என்று ஆசை விரிகிறது. தேடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒன்று புரியும்: சில ஆண்டுகள் கை நிறையக் கிடைக்கின்றன, சில ஆண்டுகள் கண்ணிலேயே படுவதில்லை. காரணம் தெரிய வேண்டுமானால், அந்த ஆண்டு நாணயத்தின் மேல் எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாணயத்தில் உள்ள படமும் எழுத்தும் எஃகு அச்சிலிருந்து வருகின்றன. ஓவியர் வரைந்ததை முதலில் பெரிய அளவில் புடைப்புச் சிற்பமாகச் செய்வார்கள்; இன்று பல நாணயச் சாலைகளில் கணினியிலேயே அதைச் செதுக்குகிறார்கள். அதைச் சுருக்கி, நாணயத்தின் அளவுக்கு ஒரு எஃகுத் துண்டில் வெட்டி எடுக்கிறார்கள். இதில் படம் மேடாக இருக்கும். இதை இன்னொரு எஃகுத் துண்டில் அழுத்தினால் படம் பள்ளமாகப் பதியும், அதுதான் அச்சு. இப்படி மேடும் பள்ளமுமாக மாறி மாறிப் படியெடுத்து, ஒரே மூலத்திலிருந்து நிறைய அச்சுகளை உருவாக்குகிறார்கள். கடைசியில் மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள், நடுவே வெறும் உலோக வில்லை. பல டன் அழுத்தத்தில் ஒரே ஒரு அடி. நவீன இயந்திரங்கள் நிமிடத்துக்கு 700 நாணயங்களுக்கும் மேல் அடித்துத் தள்ளுகின்றன.

ஆக, ஆண்டு இருப்பது இந்த இரண்டு அச்சுகளில் ஏதோ ஒன்றில். இதற்கு 2008-ல் பிரிட்டனில் வெளிவந்த 20 பென்ஸ் நாணயத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதுவரை அந்த நாணயத்தில் ஆண்டு பின்பக்கத்தில் இருந்தது. புதிய வடிவமைப்பில் பின்பக்கம் முழுவதும் படத்துக்குப் போய்விட்டதால், ஆண்டை அரசியின் தலை உள்ள முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு தொகுதி அடிக்கும்போது புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். இரண்டிலும் ஆண்டு இல்லை! ஆண்டே இல்லாத நாணயங்கள் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

பழைய காலத்தில் ஆண்டின் இலக்கங்களைக் கையால் ஒவ்வொன்றாக அச்சில் தட்டிப் பதித்தார்கள். நல்ல எஃகு அச்சை வீணாக்க மனம் வராமல், போன ஆண்டின் அச்சிலேயே கடைசி இலக்கத்தின் மேல் புதியதைத் தட்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாணயத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு இலக்கத்துக்குப் பின்னால் இன்னொன்று எட்டிப் பார்க்கும். கைவேலை போன பிறகும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் 1942 பத்து சென்ட் நாணயம் சிலவற்றில் 2-க்கு இடப்பக்கம் ஒரு 1-இன் விளிம்பு தெளிவாகத் தெரியும். அந்த நாளில் ஒரு அச்சை உருவாக்க மூலத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்த வேண்டியிருந்தது. 1941-ன் கடைசியில் இரண்டு ஆண்டுக்கான அச்சுகளும் ஒரே சமயத்தில் தயாராகிக்கொண்டிருந்தன. ஒரு முறை 1941-ன் மூலத்தாலும் அடுத்த முறை 1942-ன் மூலத்தாலும் அழுத்தப்பட்ட அச்சு அது.

ஆண்டு அச்சுக்குச் சொந்தம் என்றால், அடித்த நாளும் பொறித்த ஆண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1964 வாக்கில் கடுமையான சில்லறைத் தட்டுப்பாடு. சேகரிப்பவர்கள் பதுக்குகிறார்கள் என்று பழி விழுந்தது. எல்லாக் காசிலும் ஒரே ஆண்டு இருந்தால் பதுக்கும் ஆசை குறையும் என்று நினைத்து, 1965-லும் 1964 என்றே பொறித்து அடித்தார்கள். பிரிட்டனின் பழைய பென்னியில் கடைசிப் புழக்க ஆண்டு 1967. ஆனால் அந்த ஆண்டைத் தாங்கிய காசுகள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அடிக்கப்பட்டன. எல்லாவற்றையும் மிஞ்சுவது ஆஸ்திரியாவின் மரியா தெரேசா வெள்ளி நாணயம். அந்த அரசி இறந்தது 1780-ல். செங்கடல் பகுதி வணிகர்கள் அந்த நாணயத்தையே நம்பி வாங்கியதால், படத்தையும் ஆண்டையும் மாற்றாமல் தொடர்ந்து அடித்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, பிற்பாடு லண்டனிலும் ரோமிலும் பம்பாயிலும்கூட. நேற்று அடித்ததிலும் 1780 என்றுதான் இருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1975-ல் பிறந்த ஒருவர் அந்த ஆண்டு பொறித்த அமெரிக்க கால் டாலரை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. விடுதலையின் 200-வது ஆண்டுக்காக 1975, 1976 இரண்டு ஆண்டுகளிலும் அடித்த கால் டாலர், அரை டாலர், ஒரு டாலர் நாணயங்களில் '1776-1976' என்றே பொறித்தார்கள். யூரோ கதை வேறு மாதிரி. யூரோ நாணயங்கள் மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரியில். பிரான்ஸ் தன் காசுகளை முன்கூட்டியே அடித்து, அடித்த ஆண்டையே பொறித்ததால் 1999 என்ற பிரெஞ்சு யூரோ உண்டு. ஜெர்மனி எல்லாவற்றிலும் 2002 என்று போட்டது, ஆகவே 1999 என்ற ஜெர்மன் யூரோ கிடையாது. சில ஆண்டுகள் வேறொரு எளிய காரணத்தால் அரிது: கையிருப்பே போதுமென்றால் நாணயச் சாலை புதிதாக அடிப்பதில்லை. பிரிட்டனின் 1933 பென்னி விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளது, அதிலும் சில கட்டடங்களின் அடிக்கல்லுக்குக் கீழே வைக்க அடித்தவை.

வெளிநாட்டுக் காசு தேடுபவர்கள் நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். தாய்லாந்து நாணயத்தில் பௌத்த ஆண்டு. 543 கழித்தால் நம் ஆண்டு. நேபாளத்தின் விக்கிரம ஆண்டில் ஏறத்தாழ 57 கழிக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் சும்மா கழித்தால் சரிவராது: 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட வரும். ஹிஜ்ரி 1400 என்றால் 1980. இரு நாட்காட்டிகளும் ஒரே நாளில் புத்தாண்டு கொண்டாடுவதில்லை என்பதால் ஓராண்டு முன்பின் இருக்கலாம். ஜப்பானில் பேரரசரின் ஆட்சி ஆண்டு. ஷோவா 64 என்ற ஆண்டு 1989-ல் ஏழே நாள்தான் நீடித்தது. ஜனவரி 7-ல் பேரரசர் மறைந்ததும் ஹெய்செய் 1 தொடங்கியது. ஆனாலும் ஷோவா 64 என்று பொறித்த யென் நாணயங்கள் உண்டு. 1989-ல் பிறந்தவர்களுக்கு ஜப்பான் தந்தது இரட்டை வாய்ப்பு.

ஒரே ஆண்டுக்குள்ளும் வேறுபாடுகள் ஒளிந்திருக்கும். இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: வைரக்குறி என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. உலோகமும் மாறலாம். அமெரிக்க ஒரு சென்ட் 1982-ல் பாதியில் செம்பிலிருந்து செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தராசில் முதலாவது 3.11 கிராம், இரண்டாவது 2.5 கிராம். பிரிட்டனின் ஒரு பென்ஸ் 1992-ல் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாறியது. அங்கே காந்தமே போதும்.

அடித்த காசு எவ்வளவு காலம் தங்கும்? ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 ஆண்டில் பாதி போய்விடும், 50 ஆண்டில் 36 மிஞ்சும். இது வெறும் கணக்கு. நடப்பில் இழப்பு இவ்வளவு சீராக இருக்காது. நாணயத்தில் உள்ள உலோகத்தின் விலை அதன் முகமதிப்பைத் தாண்டினால் மக்களே எடுத்து வைத்துவிடுவார்கள், சிலர் உருக்கியும் விடுவார்கள். வெள்ளி நாணயங்கள் சில்லறையிலிருந்து வெகு வேகமாக மறைந்தது அப்படித்தான். மிஞ்சியவையும் தேய்கின்றன. முதலில் தேய்வது உயரமான இடங்கள்: முகத்தின் கன்னம், முடி. ஆண்டு பெரும்பாலும் தாழ்ந்த இடத்தில், விளிம்பின் பாதுகாப்பில் இருப்பதால் முகம் மழுங்கிய பின்னும் படிக்க முடிகிறது.

தேயாத ஒன்று கிடைத்தால் விளக்கடியில் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளிக்கீற்றுகள் சுழலும். அச்சு அடிக்கும் கணத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டம் பரப்பில் மிக நுண்ணிய வரிகளை விட்டுச் செல்கிறது, ஒளி அவற்றில் பட்டுத் திரும்புகிறது. அந்த வரிகள்தான் அது புத்தம் புதிதாக அடித்த நாணயம் என்பதற்கு அடையாளம். புளி, எலுமிச்சை, பற்பசை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் முதலில் அழிவது இவைதான். பளபளப்பு வந்த மாதிரி தெரியும், ஆனால் அந்தச் சுழலும் ஒளி திரும்பவே திரும்பாது. அதனால்தான் தேய்த்துக் கழுவிய காசை அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் ஒதுக்குகிறார்கள். செம்பு பழுப்பாவது காற்றோடு வினைபுரிந்து ஆக்சைடு படலம் உண்டாவதால். அது உள்ளிருக்கும் உலோகத்தை ஓரளவு காக்கவும் செய்கிறது, அப்படியே விடலாம்.

விரலின் வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு, எனவே விளிம்பைப் பிடித்தே எடுங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டாம்: நாளடைவில் அவை சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும், செம்புள்ள காசில் பச்சைப் பிசுக்கு படியும். பாலியஸ்டர் உறையோ அமிலமற்ற காகித உறையோ போதும். ஆண்டையும் நாணயச் சாலைக் குறியையும் அதன் மேலேயே எழுதிவிடலாம், ஆனால் காசை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.