காப்பிலெஃப்ட் – அளிப்புரிமை

ஒரு மென்பொருளைப் பயன்படுத்தவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் யாவருக்கும் இசைவு தந்து, அதைத் திருத்தி வழங்குபவரும் தம்மிடமிருந்து பெறுவோருக்கு அதே இசைவைத் தந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உரிம முறையே காப்பிலெஃப்ட்.

பதிப்புரிமையைக் குறிக்கும் 'காப்பிரைட்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதிக்கு உரிமை, வலப்பக்கம் என இரு பொருள் உண்டு. அதை இடப்பக்கமாகத் திருப்பியதில் பிறந்த சிலேடை இது. 1976இல் லி-சென் வாங் எழுதிய டைனி பேசிக் என்ற சிறு கணினிமொழிக்கான நிரலிலேயே இச்சொல் காணப்படுகிறது. 1980களின் நடுவில் நிரலாளர் டான் ஹாப்கின்ஸ் அனுப்பிய கடித உறையின்மேல் இதைக் கண்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கத் தாம் தொடங்கிய குனூ திட்டத்தின் உரிமக் கொள்கைக்கு இதையே பெயராக்கினார். 1989இல் வந்த ஜிபிஎல் (குனூ பொது உரிமம்) அக்கொள்கையின் சட்ட வடிவம். இது பதிப்புரிமையைக் கைவிடுவதன்று. நிரலை எழுதியவரிடம் பதிப்புரிமை இருப்பதால்தான் நிபந்தனையை மீறியவர்மீது அவரால் வழக்குத் தொடர முடிகிறது.

விற்கப்படும் வணிக மென்பொருளையும், பிறர் திருத்தவோ பகிரவோ விடாத தனியுரிமை மென்பொருளையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பெருங்குழப்பம் விளைகிறது. ஜிபிஎல் விற்பனையைத் தடுக்கவில்லை. மூலநிரலை, அதாவது நிரலாளர் படித்துத் திருத்தக்கூடிய வடிவை, மூடி வைத்து விற்பதையே தடுக்கிறது. ஒரு கடைக்காரர் ஜிபிஎல் உரிமமுள்ள கணக்கு நிரலைத் தமக்கேற்பத் திருத்தி, தம் கல்லாவில் உள்ள கணினியிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. அதையே அடுத்த ஊர்க் கடைக்கு விற்றால், வாங்கியவருக்குத் திருத்தங்களோடு கூடிய மூலநிரலும் சேர வேண்டும். அவர் அதை இன்னொருவருக்குக் கொடுப்பதையும் தடுக்க முடியாது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற இணைய ரௌட்டருக்குள் ஜிபிஎல் உரிமமுள்ள லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்து, நிரலாளர்கள் வற்புறுத்தியபின் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே ரௌட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் வளர்ந்தது. எம்ஐடி, பிஎஸ்டி என்ற வேறு இரு மென்பொருள் உரிமங்களில் இக்கட்டாயம் இல்லை. உரிமக் குறிப்பை மட்டும் காத்து, அந்த நிரலை மூடிய மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

இச்சொல்லை 'இடது' என்று நேரே பெயர்த்தால் சிலேடையும் வராது, பொருளும் வராது. தமிழில் வழங்கும் 'அளிப்புரிமை' நல்ல சொல். 'தண்ணளி' என்பதில் உள்ள அருள் என்ற பொருளும் அதன் வேரில் இருக்கிறது. ஆனால் பெற்றவரும் அவ்வாறே அளிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் வெளிப்படையாகத் தெரியவில்லை. எம்ஐடி உரிமமும் ஒருவகை அளிப்பே என்பதால், ஒப்பந்தம் எழுதுவோர் ஜிபிஎல் வகையைத் 'தொடர் அளிப்புரிமை' என்றும், எம்ஐடி வகையைத் 'தளர் உரிமம்' என்றும் பிரித்து எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து.